குடவோலை எடுத்த ஊரில் கொரியாவின் ஜாப்சே!

கண்ணாடிபோல் மினுமினுக்கும் நூடுல்ஸ், நடுவே கேரட், கீரை, காளான், வெங்காயம்! கொரிய வீடுகளில் பிறந்தநாளோ பண்டிகையோ வந்தால் தவறாமல் பந்திக்கு வரும் ஜாப்சே இது. பிறந்தபோது இதில் நூடுல்ஸே கிடையாது, தெரியுமா?

17-ஆம் நூற்றாண்டில் குவாங்ஹேகுன் மன்னருக்கு இ சுங் என்ற அதிகாரி படைத்தது காய்கறிகளை மட்டும்தான்! அந்த ருசியில் மயங்கிய மன்னர் அவரை நிதி அமைச்சராகவே உயர்த்தினார் என்பது கொரியர்கள் சொல்லும் கதை. அதே நூற்றாண்டில் ஜாங் கே-ஹ்யாங் என்ற அம்மையார் எழுதிய சமையல் நூலிலும் ஜாப்சே உண்டு, நூடுல்ஸ் இல்லை. 1919-இல் சாரிவோன் நகரில் நூடுல்ஸ் ஆலை வந்த பிறகுதான் இரண்டும் ஒன்று சேர்ந்தன. ஆக, காய்கறிதான் மூத்தது!

அந்த நூடுல்ஸ் எதில் செய்கிறார்கள் தெரியுமா? பொங்கலுக்கு நாம் படைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்தில்! மைதா துளியும் கிடையாது. பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி கண்ணாடியாக மாறுவதும் இதுவும் ஒரே அறிவியல்தான்: மாவுச்சத்து மணிகள் சூட்டில் நீரைக் குடித்து உப்பி, ஒளியை ஊடுருவ விடுகின்றன. கிழங்கு கொரியா போய்ச் சேர்ந்ததே 1763-இல்தான், ஜப்பானின் சுஷிமா தீவு வழியாக. தாயகமோ அமெரிக்கக் கண்டம்!

ஜாப்சேயில் இருக்கும் கேரட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளையா? அந்தக் கதை தாய் வயிற்றிலேயே தொடங்கிவிடலாம், தெரியுமா? கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் நாட்களிலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழைக் குறைவான முகச்சுளிப்போடு சாப்பிட்டதாக ஆய்வாளர் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்டார்கள். அந்தக் காலம் தாண்டிவிட்டதே என்று கவலை வேண்டாம். ஒரு புதுக் காயை நாக்கு ஏற்க 8 முதல் 15 முறை ருசிக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாம் மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

நூடுல்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல; சேமியாவும் அந்த வகைதான். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டப் பட்டியலில் சேமியா காய்கறி கிச்சடி இருந்தது. நூடுல்ஸும் காயும் அரசுப் பள்ளித் தட்டிலேயே!

இனி, பிள்ளையைக் காய்க்குப் பழக்க வழிகாட்டும் உத்திரமேரூர் அதிசயம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பேசும், வாரியம் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையில், குடத்திலிருந்து ஓலையை எடுத்தது யார் தெரியுமா? ஒரு சிறுவன்! 921-ஆம் ஆண்டு விதிப்படி, வாரியத்துக்கு நிற்பவர்களுக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எடுக்கும் கையோ சின்னப் பிள்ளையின் கை. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் இப்படித்தான் வந்தார்கள். அந்த ஊர்ப் பெற்றோரே, இன்றைக்கு எந்தக் காய் என்பதையும் பிள்ளையின் கைக்கே விடுங்களேன்! சீட்டில் காய்ப் பெயர் எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். தன் கையால் எடுத்த காயை ஒதுக்கப் பிள்ளைக்கு மனம் வராது என்பது என் உறுதியான நம்பிக்கை.

செய்முறை எளிது. காய்களை நூடுல்ஸ் அளவுக்கு மெல்லியதாக, நீளமாக நறுக்கித் தனித்தனியே வதக்குங்கள். சேர்த்து வதக்கினால் நிறமும் ருசியும் கலங்கிவிடும். வெள்ளை, கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள் என ஐந்து நிறமும் தெரிவதுதான் கொரியர்களுக்கு அழகு. கீரையைக் கொதிநீரில் காட்டிப் பிழியுங்கள். வெந்த நூடுல்ஸில் வதக்கிய காய்கள், கீரை, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டுவது; நம் நல்லெண்ணெயோடு வறுத்துப் பொடித்த எள்ளைச் சேர்த்தால் அந்த வாசனை வந்துவிடும்! கிழங்கு நூடுல்ஸ் கிடைக்கவில்லையா? அரிசி சேவையில் செய்யுங்கள். சோயா சாஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள்.