பெயரைக் கண்டு மதிப்பதோ?

இயந்திரம் இயற்றிய எழுத்தில் ஜீவன் இராது, வாசித்த மாத்திரத்தில் அதைக் கண்டுகொள்ளலாம் என்று நம்மவரில் அநேகர் தைரியமாகச் சொல்லி வருகின்றனர். இத்தைரியத்துக்கு ஆதாரம் சொற்பமே.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் 2024ல் வெளியிட்ட ஆராய்ச்சி கவனிக்கத் தக்கது. ஷேக்ஸ்பியர், வால்ட் விட்மன் முதலிய பத்து ஆங்கிலக் கவிஞர்களின் பாடல்களையும், அவர்கள் பாணியில் சாட்ஜிபிடி இயற்றியவற்றையும் கலந்து 1,634 பேரிடம் கொடுத்தனர். சரியாகப் பகுத்துரைத்தது நூற்றுக்கு 46.6 தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஐம்பது சரியாக வந்திருக்குமன்றோ! 696 பேரைக் கொண்டு நடத்திய இரண்டாவது பரீட்சையின் முடிவு இன்னும் விசித்திரமானது. இயந்திரத்தின் பாடல் என்று அறிவிக்கப்பட்டவர்கள், அதை உண்மையில் கவிஞரே எழுதியிருந்த போதிலும், மதிப்பைக் குறைத்தனர். ஒன்றும் அறிவிக்கப்படாதவர்களோ இயந்திரத்தின் பாடல்களையே உயர்வாக மதித்தனர். ஆகவே, அவர்கள் எடை போட்டதில் பாட்டுக்குள்ள பங்கைப்போலவே பெயருக்கும் பங்கிருந்தது என்பது வெளிப்படை.

கவிதையோடு இது நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் இதே சந்தேகம் மாணாக்கர் தலையிலும் விழுகிறது. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் ஏழு கருவிகளை ஸ்டான்போர்டு சர்வகலாசாலையினர் 2023ல் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்காகத் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளில், சராசரி நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவற்றை அக்கருவிகள் இயந்திரத்தின் வேலை என்று தீர்ப்பளித்துவிட்டன. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அவை அநேகமாகத் தவறவில்லை. காரணம் யாது? அந்நிய பாஷையில் எழுதுவோர் தெரிந்த சில சொற்களையே எளிமையாகக் கையாளுகின்றனர். அந்த எளிமையே கருவிக்குக் குற்றமாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தைக் கற்று எழுதும் நமது வாலிபர்களுக்கும் இந்த அபாயம் உண்டென்று சொல்ல வேண்டுவதில்லை.

எழுதியது யாரென்று மறைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. சிறப்புப் பாயிரத்தின் அங்கங்களை எண்ணும்போது ஆக்கியோன் பெயரையே நன்னூலார் முதலில் வைத்தார். அதை அறிய வாசகனுக்கு உரிமையுண்டு. ஆனால் பெயரறிவது வேறு. பெயரைக் கொண்டே தரத்தை நிர்ணயிப்பது வேறு. சந்தேகத்தைக் கொண்டே தண்டிப்பதோ இவ்விரண்டிலும் சேராத அநீதி. ஒரு மாணாக்கன்மீது ஐயம் எழுந்தால் ஆசிரியர் அவனை எதிரில் அமர்த்தி, எழுதியதற்குப் பொருள் கேட்கட்டும். கருவியின் வாக்கை மட்டும் சாட்சியாகக் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்று கலாசாலைகள் விதி செய்வது அவசியம். அதைத் தாமதமின்றிச் செய்யுமாறு வற்புறுத்துகிறோம்.