செண்பகனூர் வழியே ஏறியவர்கள்

தம் குடும்பத்தின் மூலபுருஷர் யார் என்று தேடிக் கண்டறிவதில் அமெரிக்கர்களுக்கு உள்ள சிரத்தை அலாதியானது. கிழக்குக் கடற்கரையிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டு, காடு திருத்தி, மரக்குடில் கட்டி, எல்லைப்புறத்தில் குடியேறிய முப்பாட்டனின் பெயரை நிலப் பத்திரங்களிலும் தேவாலயப் பதிவேடுகளிலும் தேடி அலைகிறவர்கள் அந்நாட்டில் ஏராளம். அவர்களுள் மிஷனரிகளின் வழிவந்த சிலருக்கு அந்தத் தேட்டம் மேற்கே செல்லாமல் கீழ்த்திசைக்குத் திரும்பி, மதுரையையும் பெரியகுளத்தையும் கடந்து, செண்பகனூர் வழியாகக் கோடைக்கானலுக்கு ஏறிவிடுகிறது. மாசசூஸட்ஸ் ராஜ்யத்தில் 1810-இல் தோன்றிய அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கமே 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும், 1834-இல் மதுரைக்கும், 1836-இல் தன் சொந்தக் கண்டத்தின் மேற்குக் கோடியான ஆரிகனுக்கும் ஆட்களை அனுப்பிற்று. செவ்விந்தியர் நடுவே குடிசை போட்டவர் எழுதிய கடிதமும், வைகைக் கரையில் பள்ளிக்கூடம் வைத்தவர் எழுதிய கடிதமும் பாஸ்டன் நகரத்து 'மிஷனரி ஹெரால்டு' பத்திரிகையில்தான் அச்சேறின.

மதுரைச் சமவெளியில் காய்ச்சலும் வாந்திபேதியும் இந்த மிஷனரிகளை வாட்டின. சுரத்துக்கு ஹேது கெட்ட காற்று என்பதே அக்காலத்து வைத்தியர்களின் சித்தாந்தம். மலேரியாச் சுரத்துக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். ஆகவே காரணத்தைத் தப்பாகவும் பரிகாரத்தைச் சரியாகவும் தெரிந்துகொண்டு அவர்கள் மலையைத் தேடினார்கள். பழனிமலையை 1821-இல் லெப்டினன்ட் வார்டு அளந்து சென்றிருந்தார். 1834-இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூரில், ஒரு சிறு பங்களா கட்டியிருந்தார். அதற்கும் மேலே ஏறி, 1845-இல், 'ஸன்னிஸைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு வீடுகளை அமெரிக்கர்கள் எழுப்பினார்கள். பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் வண்டியை விட்டிறங்கி, பெண்டு பிள்ளைகளை டோலியில் ஏற்றி, பெட்டி படுக்கைகளைக் கூலியாட்களின் தலையில் ஏற்றி, செங்குத்தான பாதையில் செண்பகனூரை அடைந்து, அங்கிருந்து மேலே போக வேண்டும். அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1875-இல். மோட்டார் சாலையோ இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டு கழித்துத்தான்.

இவ்வாறு வந்தவருள் ஒருவரது வாழ்க்கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு டேவிட் காய்ட் ஸ்கடர் என்பவரின் விருத்தாந்தம் நல்ல உதாரணம். பாஸ்டனில் 1835-இல் பிறந்து, 1861-இல் மனைவியோடு மதுரை மிஷனுக்கு வந்து, மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் பணியேற்ற இந்த இளைஞர், 1862 நவம்பரில், வெள்ளம் பெருகிய வைகையைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. மதுரையில் பிறந்திருந்த அவருடைய மகளுக்கு ஓராண்டுகூட நிறையவில்லை. அவருடைய தம்பி ஹொரேஸ், பிற்காலத்தில் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகைக்கு ஆசிரியரானவர், தமையனின் கடிதங்களைத் திரட்டி 1864-இல் ஒரு ஜீவிய சரித்திரம் வெளியிட்டார். அக்குழந்தையோ, வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியையாகப் பிரசித்தி பெற்ற வைடா டட்டன் ஸ்கடர். பெற்ற தகப்பனை முகமறியாத அந்த அம்மையாருக்கு அவரைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் பிறர் நினைவும் அவர் எழுதிவைத்த காகிதமுமே.

ஸ்கடர் என்ற பெயரைக் கேட்டவுடன் வேலூர் ஆஸ்பத்திரியை நினைக்கிறவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். வேலூர் ஐடா ஸ்கடர், யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி. தம் முதுமையைக் கோடைக்கானல் பங்களாவில் கழித்து 1960-இல் அங்கேயே காலமானார். பாஸ்டன் ஸ்கடரின் கிளை வேறு. இது போதாதென்று, மதுரையில் பிறந்து தமிழ் லெக்ஸிகனின் முதல் பதிப்பாசிரியராக இருந்த சாண்ட்லர் துரையின் முழுப்பெயர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர்! பெயரொற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு வம்சாவளி எழுதப் புகுந்தால் அந்நியரின் பாட்டனைத் தம் பாட்டனாக்கிக்கொள்ள நேரும். கல்லறை வாசகம், ஞானஸ்நானப் பதிவு, கடிதம் ஆகிய மூன்றும் ஒத்துப் பேசினாலொழிய எதையும் நம்பலாகாது. சென்னை ராஜதானியின் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் அச்சிட்ட நூல் இவ்வகையில் பெரும் உபகாரம். அமெரிக்கன் போர்டின் கடிதக் கட்டுகள் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

ஆனால் செண்பகனூரிலேயே இருக்கும் காகிதங்கள் வேறு ஒரு கூட்டத்தாருடையவை. 1895 முதல் அங்கே நிலைத்த இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியில், கத்தோலிக்கரின் மதுரை மிஷன் குருமார் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் ஆவணக்களரியாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தமிழகத்துச் சமூக சரித்திரம் எழுதுகிறவர்கள் அதை நாடி மலையேறுவதுண்டு. கத்தோலிக்கப் பாதிரியாரைத் தேடுகிறவர் செண்பகனூருக்கு வர, அவ்வூர் வழியாகவே ஏறிப்போன அமெரிக்கப் பாதிரியாரைத் தேடுகிறவர் சமுத்திரம் தாண்ட வேண்டியிருக்கிறது.

இந்தக் குடியேறிகளின் சுவடு இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு, செலவுக்கும் செயலுக்கும் தாய்ச்சங்கத்துக்குக் கணக்கெழுத வேண்டிய நிர்ப்பந்தமே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். டோலி தூக்கியவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. எனவே அவர் பெயர் எந்தக் கட்டிலும் அகப்படுவது அரிது. பங்களாக்காரருக்கு முன்பே மலைக்குக் குடிவந்தவர் யார் என்று கேட்டால், காட்டை வெட்டி மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்திப் பயிரிட்ட குன்னுவரிடம் போக வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து தாங்கள் ஏறிவந்ததாக அவர்களிடையே வழங்கும் கர்ணபரம்பரையை, 1906-இல் வெளியான மதுரை ஜில்லா கெசட்டியர் குறித்து வைத்திருக்கிறது. அவர்களுடைய பாட்டனைத் தேடுகிறவருக்குப் பாஸ்டனும் உதவாது, செண்பகனூர் ஆவணமும் அதிகம் உதவாது; குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, பெண் கொண்டதும் கொடுத்ததும் எந்த ஊரில் என்று பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அதைக் கீழ்நாட்டு ஊர்களில் போய் ஒத்துப் பார்ப்பதே வழி. இந்த வேலையை யாரேனும் செய்வதானால், அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.