சந்திரலேகா: கதை சொல்ல மறுத்த உடம்பு

எங்க சங்கரன்கோவில் ஆடித்தபசில், கோமதி ஒற்றைக்காலில் தவம் நின்ற கதையைச் சொல்வார்கள். அரியும் அரனும் ஒன்று என்று உடனே தத்துவத்துக்குத் தாவிவிடுவோம். நின்ற உடம்பை யாரு யோசிச்சா? பரதநாட்டியத்திடம் சந்திரலேகா (1928–2006) கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

1952இல் அவரது அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிதிக்காக. யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருக்கையில், தண்ணியில்லாம வெடிச்சுக் கிடந்த பூமி நினைவில் வர, ஒரு கணம் உறைந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த விரிசல் ஆறவேயில்லை. மேடையை விட்டு விலகி சுவரொட்டி, பெண்ணியம், மனித உரிமை என்று போனார். 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பியபோது கடவுளும் இல்லை, நாயகியின் விரகமும் இல்லை. அடவு, யோகம், களரி. 'ஷரீரா' (2001) இன்னும் மெதுவானது: ஒரு பெண், ஒரு ஆண், துருபத் இசை.

இவரைப் பின்நவீனத்துவர் என்பதில் எனக்குத் தயக்கமுண்டு. நியூயார்க் நடனக்காரி இவோன் ரெய்னர் 1965இல் திறன்காட்டலையே வேண்டாமென்றார். சந்திரலேகாவோ அரைமண்டியைக் கறாராகக் கேட்டவர். கதையைக் கழற்றினார், பயிற்சியைக் கழற்றவில்லை. ஆனால் அந்த அரைமண்டி தேவதாசிகளின் உடம்பு வழியாக வந்தது. கதையைக் கழற்றும் வசதி அவர்களுக்கு இருந்ததா? திருவிழாவில் கரகம் எடுக்கிற அக்கா, வெறும் உடம்பாகச் சும்மா நின்றால், பார்க்கிற கண்ணு விடுமா?