தலையை இழந்த போல்ட்

ஒரு போல்ட்டை முறுக்குவதற்கு ஸ்பானர் வேண்டும். கழற்றுவதற்கும் அதே ஸ்பானர்தான் வேண்டும். இது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் முறுக்குவதற்கு மட்டும் இடம் கொடுத்து, கழற்றுவதற்கு இடமே கொடாத போல்ட்டும் உண்டு என்றால் நம்புவீர்களா?

பல மோட்டார் சைக்கிள்களில் இத்தகைய போல்ட்டுகள் உள்ளன. சாவியை நுழைத்துத் திருப்புகிறோமே, அந்தப் பூட்டை முன் ஃபோர்க்கின் மேல் தகட்டோடு பிணைத்து வைப்பவை பெரும்பாலும் இவையே. சாதாரண போல்ட்டாக இருந்தால் திருடன் இரண்டு நிமிடத்தில் பூட்டைக் கழற்றி எறிந்துவிடுவான். ஆகவே இந்த ஏற்பாடு. ஆனால் அந்த மேல் தகட்டை மாற்றி வண்டியைத் திருத்தியமைக்க விரும்பும் உரிமையாளருக்கும் இதே போல்ட் குறுக்கே நிற்கிறது! அவர் என்ன செய்வார்? அதற்குமுன், போல்ட்டின் இரகசியத்தைப் பார்ப்போம்.

முறிவதற்கென்றே ஒரு கழுத்து

இந்தப் போல்ட்டுக்கு இரண்டு தலைகள். மேலே ஆறுபட்டைத் தலை. கீழே வழவழப்பான உருண்டைத் தலை. இரண்டுக்கும் இடையில் மெலிந்த கழுத்து. ஒரு கம்பி முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே குறிப்பிட்ட அளவு முறுக்கியதும் கழுத்து ‘டக்’கென்று முறிகிறது. ஆறுபட்டைத் தலை கையோடு வந்துவிடும். உருண்டைத் தலை மட்டும் எஞ்சும். ஸ்பானருக்கோ திருப்புளிக்கோ அதில் பிடிமானம் இல்லை.

இதன் உறவினர்களும் சிலர் உண்டு. வலப்பக்கம் திருப்பினால் திருப்புளி பிடித்துக்கொள்ளும், இடப்பக்கம் திருப்பினால் வழுக்கிவிடும் ‘ஒருவழித் திருகாணி’ ஒன்று. ஆறுமுனை நட்சத்திரக் குழியின் நடுவில் சிறு முளை நிற்கும் வகை மற்றொன்று. நட்சத்திரக் குழித் திருகாணி 1967இல் அமெரிக்காவில் தோன்றியது. நடுவில் முளை இருப்பதால், அம்முளைக்கு ஏற்ற துளையுள்ள கருவி மட்டுமே உள்ளே இறங்கும்.

போல்ட்டைப் பிடித்திருப்பது எது?

ஒரு சாய்தளத்தை உருளையின்மேல் சுற்றினால் கிடைப்பதே மரை. 8 மி.மீ. போல்ட் ஒன்று வழக்கமாக ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறும். இச்சாய்தளத்தின் சரிவு சுமார் 3 பாகைதான். இவ்வளவு குறைந்த சரிவில் உராய்வே வெல்லும். போல்ட் தானாகச் சறுக்கி வெளியே வராது.

நாம் முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் பாகங்கள் இறுகுகின்றன. நம் முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் ஏற்படும் உராய்வுக்கே செலவாகிறது. அந்த உராய்வுக்கு மூலகாரணம் இழுவிசை. இழுவிசை போனால் உராய்வும் போய்விடும். இதுவே கழற்றும் கலையின் திறவுகோல்.

பட்டறையில்

முதல் வழி, உளி. தலையின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, இடப்பக்கமாகச் சுழலும்படி சுத்தியலால் தட்டுவார்கள். மெல்லத் தள்ளினால் அசையாத உராய்வு, திடீர் அடிக்கு இடம் கொடுக்கும்.

இரண்டாம் வழி, தலையில் இரம்பத்தால் ஒரு வெட்டுப் போடுவது. அப்போது அது சாதாரணத் திருகாணி போலாகிவிடும். அகலமான திருப்புளியால் திருப்பலாம்.

மூன்றாம் வழி, துளையிடுவது. தலையின் சரியான நடுவில் பஞ்சினால் சிறு குழி அடித்து, அங்கே டிரில்லை நிறுத்துவார்கள். சாதாரண டிரில் வலமாகச் சுழல்வதால் போல்ட்டை மேலும் இறுக்கக்கூடும். இடப்புரி டிரில்லோ கழற்றும் திசையிலேயே சுழல்கிறது. துளைத்துக்கொண்டிருக்கும்போதே போல்ட் வெளியேறிவிடுவதும் உண்டு. அப்படி வராவிட்டாலும் தலை அறுபட்டு விழுந்ததும் இழுவிசை மறைகிறது. பூட்டை எடுத்தபின் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைப் பல வேளைகளில் விரலாலேயே திருகி எடுத்துவிடலாம்!

துண்டு பிடிவாதம் செய்தால் வெப்பம் உதவும். ஒரே அளவு சூடேறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. 100 செல்சியஸ் பாகை உயர்த்தினால், 8 மி.மீ. துளைக்கும் எஃகுத் துண்டுக்கும் இடையே சுமார் நூறில் ஒரு மி.மீ. இடைவெளி கூடும். அதுவே போதுமானது. மரையில் பசை பூசியிருந்தாலும் சூடு தேவைப்படும். காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் இப்பசையை, 1953இல் வெர்னான் கிரீபிள் என்னும் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் உருவாக்கினார். இதில் வலிமை மிக்க வகை, 250 பாகை அளவில்தான் இளகும்.

கவனம் தேவை

பெட்ரோல் தொட்டியின் அருகே சூடேற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைத்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். துளையிடும்போது கண்ணாடி அணியாவிட்டால் எஃகுத் துகள் கண்ணைக் கெடுத்துவிடும். இது தேர்ந்த மெக்கானிக்கின் கைக்குரிய வேலை. நாம் அருகில் நின்று பார்த்துக் கற்கலாம்.

வேலை முடிந்ததும் பழைய இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டால், திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். புதிய முறியும் போல்ட்டையே போடவேண்டும். பூட்டு சரியாக உட்காராவிட்டால் இன்னொரு அபாயமும் உண்டு. முன்சக்கரத்தைத் திரும்பவிடாமல் பூட்டும் முளை அதனுள்தான் இருக்கிறது. ஓடும் வண்டியில் அது வெளிவந்தால் என்ன ஆகும்? ஆகவே ஹாண்டில் பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிச் சோதித்த பின்பே வண்டியை எடுக்கவேண்டும்.

கழற்றக் கூடாதவையும் உண்டு. ஐரோப்பாவில் 50 கன செ.மீ. மொபெட்டுகளின் வேகம் மணிக்கு 45 கி.மீ. என வரையறுக்கப்பட்டுள்ளது. அவற்றைத் திருத்தி வேகம் கூட்டுவதைத் தடுக்க 1997இல் அங்கே விதிகள் வந்தன. எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தை முறியும் போல்ட்டாலோ, தனிக்கருவி தேவைப்படும் போல்ட்டாலோ பொருத்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காரணம் எளிது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கோ பழைய பிரேக்தான்! இந்தியாவிலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

மனிதன் பொருத்திய எதையும் மனிதனால் கழற்ற முடியும். தலையில்லாத போல்ட்டும் இதற்கு விலக்கன்று. அது தருவது காலதாமதம் மட்டுமே. உரிமையாளர் தம் வீட்டு முற்றத்தில் பகல் முழுவதும் பொறுமையாக டிரில் போடலாம். நள்ளிரவில் தெருவில் நிற்கும் திருடனுக்கு அந்தப் பொறுமை ஏது? அவன் டிரில்லின் ஓசைக்குத் தெருவே விழித்துக்கொள்ளுமே!