மார்கழி பனியில் 'மக்கர்' பண்ணும் கார் கதவு: தேங்காய் எண்ணெய் விட்டால் வேலைக்கு ஆகாது!
சாவியை முறுக்காமல் சரிசெய்வது எப்படி?

நெய்வேலி, டிச.-

மார்கழி பிறந்து விட்டால் நெய்வேலி டவுன்ஷிப்பில் விடியற்காலை பனி கொட்டுகிறது. மரத்தடியில் நிறுத்திய கார், மழையில் நனைந்தது போல சொட்டச் சொட்ட நிற்கிறது. இந்த நேரத்தில் கார் வைத்திருப்பவர்கள் படும் பெரிய அவதி, கதவு திறக்காதது தான்.

காலை ஷிப்டுக்கு கிளம்பும் அவசரத்தில் சாவியை விட்டால் திரும்ப மாட்டேங்குது. ரிமோட்டை அமுக்கினால் மூன்று கதவு திறக்கிறது, ஒன்று திறக்கவில்லை. பலம் கொடுத்து முறுக்கினால் சாவி பாதியில் முறிந்து உள்ளேயே மாட்டிக் கொள்கிறது. வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நேரத்தில் இப்படி ஆனால் நிலைமை என்னவாகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

"பனிக்கு இறுகிப் போச்சு, வெயில் வந்தா சரியாயிடும்" என்று பலரும் விட்டு விடுகிறார்கள். அங்கே தான் தப்பு ஆரம்பிக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

உறைவது தண்ணீர் அல்ல

தண்ணீர் உறைய வேண்டும் என்றால் 0 டிகிரிக்கு போக வேண்டும். நெய்வேலியில் மார்கழி, தை மாத விடியலில் கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர் இருக்கும். ஆகவே இங்கே எந்த பூட்டும் பனிக்கட்டியால் அடைபடாது.

பிறகு எதனால் இறுகுகிறது? தூசியும், ஈரமும் தான் காரணம். சுரங்கம், அனல்மின் நிலையம், மண் லாரி, சாம்பல் லாரி ஓடும் ஊர் இது. தூசிக்கு பஞ்சம் கிடையாது. சாவித்துவாரம் வழியாகவும், கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகவும் மெல்லிய தூள் உள்ளே போய் உட்காருகிறது. கோடையில் அது காய்ந்து கிடப்பதால் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும், மார்கழி பனியும் இறங்கியதும் அந்த தூள் குழைந்து பசை மாதிரி ஆகி விடுகிறது. கூடவே துருவும் சேருகிறது.

பூட்டின் உள்ளே சாவியின் பல்லுக்கு தகுந்தபடி மேலும் கீழும் போய் வரும் சின்னச்சின்ன தகடுகள் இருக்கின்றன. அதை தள்ளுவதற்கு நூல் போன்ற மெல்லிய ஸ்பிரிங் தான். பசை ஒட்டிய தகட்டை அந்த ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. ஒரு தகடு நகராவிட்டாலும் சாவி திரும்பாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

பூட்டு இறுகினால் நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குத்தான். கார் பூட்டுக்கு இதைவிட கெடுதல் வேறு இல்லை.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்கு கீழே போனால் உறைந்து விடும். மார்கழி காலையில் பாட்டிலில் வெள்ளையாக கட்டிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பூட்டுக்குள் விட்ட எண்ணெயும் அதே மாதிரி தான் கட்டிக் கொள்ளும். நெய்வேலி குளிரில் பூட்டுக்குள் உறையக்கூடிய பொருள் ஒன்று உண்டு என்றால், அது நாமே ஊற்றிய தேங்காய் எண்ணெய் தான்.

பழைய என்ஜின் ஆயில், கிரீஸ் ஆகியவற்றையும் சாவித்துவாரத்தில் விடக்கூடாது. உறையாவிட்டாலும் தூசியை இழுத்துப் பிடித்துக் கொள்ளும். இரண்டு நாள் நன்றாக திரும்பும். இரண்டு மாதத்தில் முன்பை விட மோசமாகும்.

பென்சில் வைத்தியம்

சாவித்துவாரத்துக்கு ஏற்றது கிராபைட் தூள். எண்ணெய் பசை இல்லாமல் வழுக்கும். பென்சிலின் உள்ளே இருப்பதும் இதே கிராபைட் தான்.

கூர்மையான பென்சிலால் சாவியின் இரண்டு பக்கமும், பல்லிலும் நன்றாக தேய்க்க வேண்டும். சாவியை உள்ளே விட்டு, முறுக்காமல் 10, 15 முறை உள்ளேயும் வெளியேயும் இழுக்க வேண்டும். கறுப்பாக அழுக்கு ஒட்டி வரும். துணியால் துடைத்து மறுபடியும் தேய்த்து விட வேண்டும். அழுக்கு வருவது நின்ற பிறகு மெல்ல திருப்பிப் பார்க்கலாம்.

ஈரம் அதிகம் இறங்கி இருந்தால் கடையில் விற்கும் டபிள்யு.டி.40 ஸ்பிரேயை கொஞ்சம் அடிக்கலாம். 1953-ம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட இதன் பெயருக்கே 'தண்ணீரை விரட்டும் 40-வது முயற்சி' என்று தான் அர்த்தம். ஈரத்தையும், துருவையும் கிளப்பும். ஆனால் நாள்பட மசகு போல நிற்காது. அது காய்ந்த பிறகு தான் பென்சில் தூள் போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் மறுபடியும் பசை தான்.

கோளாறு எங்கே?

எல்லா கோளாறும் சாவித்துவாரத்தில் இல்லை. மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

* 4 கதவு பூட்டும் 'டக்' என்று அடிக்காமல் மெதுவாக இழுத்தால், கார் பேட்டரி இறங்கி இருக்கிறது என்று அர்த்தம். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும் என்பதால் காலையில் தான் இது அதிகம் தெரியும்.

* ஒரு கதவு மட்டும் திறக்காவிட்டால், அந்த கதவுக்குள் இருக்கும் சென்ட்ரல் லாக் மோட்டார் தேய்ந்திருக்கலாம். அதில் இருப்பது பிளாஸ்டிக் பல் சக்கரம். அல்லது கதவுக்கு போகும் ஒயர் மடிப்பில் அறுந்திருக்கலாம்.

* ரிமோட்டை காருக்கு பக்கத்தில் போய் அமுக்கினால் மட்டும் வேலை செய்தால், ரிமோட் செல் தீர்ந்து விட்டது. பல ரிமோட்டில் இருப்பது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். காருக்கு கார் மாறும் என்பதால் பழைய செல்லை காட்டி வாங்க வேண்டும். கழற்றிய செல்லை குழந்தைகள் கையில் படாமல் போட வேண்டும். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்து விடும், உயிருக்கே ஆபத்து.

* சாவி திரும்புகிறது, லாக்கும் தூக்குகிறது, ஆனால் கதவு வரவில்லை என்றால் ரப்பர் பீடிங் ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஹேண்டிலை பிடித்து வெடுக்கென்று இழுக்கக்கூடாது. ஹேண்டில் தான் உடையும். கதவை உள்பக்கமாக ஒருமுறை அழுத்தி விட்டு இழுத்தால் வந்து விடும். பீடிங்கை துடைத்து காய வைத்து முகப்பவுடர் தடவினால் போதும்.

கதவு மூடாமல் போனால்...

திறக்காத கதவை விட மூடாத கதவு ஆபத்தானது. கதவு ஓரத்தில் இருக்கும் கொக்கி போன்ற லாட்சில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கட்டியாகி விட்டால், கொக்கி திரும்பி வந்து பிடிக்காது. கதவை எத்தனை முறை அடித்தாலும் திறந்து கொள்ளும். கயிறு போட்டு கட்டிக்கொண்டு ஓட்டினால், வடலூர் ரோட்டில் ஒரு திருப்பத்தில் கதவோடு ஆளும் வெளியே போக வேண்டியது தான்.

கதவை திறந்து வைத்தபடி ஒரு ஸ்குரூ டிரைவரால் கொக்கியை தள்ளிப் பார்க்க வேண்டும். 'டக், டக்' என்று இரண்டு சத்தம் வர வேண்டும். பிறகு ஹேண்டிலை இழுத்தால் கொக்கி பழைய இடத்துக்கு போக வேண்டும். வராவிட்டால் பழைய கிரீசை மண்எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, புதிதாக வெள்ளை கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும். கிரீஸ் வைக்க வேண்டிய இடம் இது தான், சாவித்துவாரம் அல்ல. சோதனை முடிந்ததும் ஹேண்டிலை இழுத்து கொக்கியை விடுவிக்காமல் கதவை அடித்தால் லாட்ச் வளைந்து விடும். இதை மறக்கக்கூடாது.

அவசரத்துக்கு என்ன வழி?

காலையில் ஒரு கதவு திறக்காவிட்டால் மற்ற கதவுகளையும், டிக்கியையும் முயற்சி செய்ய வேண்டும். வேன் மாதிரி கார்களில் பின்கதவு வழியாக உள்ளே போய் விடலாம்.

பட்டன் வைத்த புதிய கார்களில் சாவித்துவாரமே இல்லையே என்று பலர் திகைக்கிறார்கள். ரிமோட்டின் ஓரத்தில் உள்ள சின்ன பட்டனை தள்ளினால் உள்ளே இரும்பு சாவி ஒன்று இருக்கும். டிரைவர் கதவு ஹேண்டிலில் ஒரு மூடிக்குள் துவாரம் ஒளிந்திருக்கும். வருஷக்கணக்கில் அதை உபயோகிக்காததால் அதுவும் இறுகிக் கிடக்கும். மாதம் ஒருமுறை அந்த சாவியால் திறந்து பழக்க வேண்டும்.

சாவி முறிந்து உள்ளே மாட்டினால் பெவிகுவிக் வைத்து ஒட்டி இழுக்கும் வேலை கூடாது. பூட்டே ஒட்டிக் கொள்ளும். மாற்று சாவியை விட்டு தள்ளவும் கூடாது. முறிந்த துண்டை பத்திரமாக எடுத்தால் அதை வைத்தே புது சாவி வெட்டிக் கொள்ளலாம்.

ஊட்டிக்கு போகும் டிரைவர்கள் கவனத்துக்கு

பள்ளி விடுமுறைக்கு நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதியில் இருந்து ஊட்டிக்கு சவாரி போகும் டிரைவர்கள் நிறைய பேர். அங்கே கதை வேறு. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் குளிர்காலத்தில் 0 டிகிரியை தொட்டு உறைபனி கொட்டும். அங்கே பூட்டு நிஜமாகவே பனிக்கட்டியால் அடைபடும்.

சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது. கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் உறையும். கை கழுவும் சானிடைசரை சாவியில் தடவி உள்ளே விட்டால் ஐஸ் உருகும். அதில் இருக்கும் ஆல்கஹால் அந்த குளிரில் உறையாது. ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அந்த நேரம் லைட்டர், தீக்குச்சி பக்கத்தில் இருக்கக்கூடாது. மாலையில் காரை கழுவி ஈரத்தோடு நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

குழந்தைகள் உயிர்

ஊட்டியோ, நெய்வேலியோ, கதவு பூட்டு கோளாறை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடாது என்பதற்கு பெரிய காரணம் ஒன்று உண்டு. 2022-ம் ஆண்டு ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைகுடியிருப்பில், வீட்டருகே நின்ற காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள் கதவை திறக்க முடியாமல் மூச்சுத்திணறி இறந்தனர். 2025-ம் ஆண்டு மே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் அருகே துவாரபுடியில் இதே போல 4 குழந்தைகள் பலியானார்கள்.

'இப்போ குளிர் தானே, காருக்குள் என்ன சூடு' என்று நினைக்கக்கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் 2005-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளிலும் வெயிலில் பூட்டி நின்ற காருக்குள் 1 மணி நேரத்தில் சுமார் 47 டிகிரிக்கு சூடு ஏறியது தெரிய வந்தது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறி விட்டது. கண்ணாடியை கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. நெய்வேலி மார்கழி பகல் அதை விட சூடானது.

ஓடாமல் தெருவில் நிற்கும் பழைய கார் தான் குழந்தைகளுக்கு விளையாட்டு இடம். பேட்டரி இறங்கிப் போன அந்த காரில் கண்ணாடி இறங்காது, ஹாரன் அடிக்காது. பூட்டும் இறுகி இருந்தால் சின்ன கைகளால் லாக்கை தூக்க முடியாது. ஆகவே ஓடாத காராக இருந்தாலும் தினமும் பூட்ட வேண்டும். பூட்ட முடியாத நிலையில் பூட்டு கெட்டிருந்தால், முதலில் அதை சரிசெய்ய வேண்டும்.

பின்கதவின் ஓரத்தில் 'சைல்டு லாக்' என்ற சின்ன நெம்புகோல் உண்டு. அது போட்டிருந்தால் உள்ளே இருந்து திறக்காது, வெளியே இருந்து மட்டும் தான் திறக்கும். இதை பூட்டு கோளாறு என்று நினைப்பவர்களும் உண்டு. எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில், சென்ட்ரல் லாக் செயல் இழந்தாலும் கையால் திறக்கும் வசதி கட்டாயம். அது எப்படி என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். பின் சீட்டில் மாட்டிக் கொண்டால் முன் சீட்டுக்கு தாவி வந்து டிரைவர் கதவை திறக்க வேண்டும், ஹாரனை அடிக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு சொல்லி வைப்பது நல்லது.

குழந்தை உள்ளே மாட்டி சோர்ந்து விட்டால் மெக்கானிக்குக்காக காத்திருக்கக்கூடாது. குழந்தைக்கு தூரமாக உள்ள பக்கவாட்டு கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கி அடித்தால் தூள் தூளாக உதிரும். முன்பக்க கண்ணாடி அப்படி உடையாது, அதில் நேரத்தை வீணாக்கக்கூடாது. தீயணைப்பு படைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112 என்ற எண்ணில் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

ஒரு பென்சில், ஒரு துணி, கொஞ்சம் வெள்ளை கிரீஸ், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். பூட்டை பார்க்க இவ்வளவு தான் செலவு. பொங்கலுக்கு வண்டியை கழுவி பொட்டு வைக்கும் முன் அந்த 4 கதவையும் ஒருமுறை உள்ளே உட்கார்ந்து திறந்து பார்ப்பது நல்லது.