எண்ணெயின் நிறம்

மழை விட்டதும் ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் லாரி நின்ற இடத்தில், தேங்கிய தண்ணீரில் வானவில் மிதக்குமே, அது எப்படி வருகிறது? கசிந்த எண்ணெய் தண்ணீர்மேல் மெல்லிய ஏடாகப் படர்கிறது. ஏட்டின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் தண்ணீரைத் தொட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன.

கடலில் கச்சா எண்ணெய் கொட்டினாலும் இப்படித்தான். நிறத்தைப் பார்த்தே படலத்தின் கனத்தை ஓரளவு மதிப்பிடலாம். மிக மெல்லியது வெள்ளிபோல மினுங்கும். சற்றே கனத்தால் வானவில். அந்த ஏடுகூடத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இராது! இன்னும் கனத்தால் எண்ணெயே ஒளியை விழுங்கிவிடும், கருமைதான் மிஞ்சும்.

2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரை ஒதுங்கியது அந்தக் கருமைதான். வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். பார்க்கவே நெஞ்சு பதறிய காட்சி அது. அலையில் உடைந்து நீருக்குள் கலக்கும் எண்ணெய்த் துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும். அப்போது, கீழே வெளிச்சத்தை நம்பி வாழும் நுண்பாசிகளுக்கு ஒளி குறைந்துபோகிறது.