ஒரே பனிப்புயல்... ஆளுக்கொரு கணிப்பு! அமெரிக்காவின் தெற்கில் வானிலை ஆர்வலர்கள் மோதிக்கொள்வது ஏன்?

2025 ஜனவரி 21. பனியே பார்க்காத ஊர் என்று பலரும் நினைக்கும் நியூ ஆர்லியன்ஸில், விமான நிலையத்தில் மட்டும் 8 அங்குலம், அதாவது சுமார் 20 செ.மீ. பனி கொட்டியது. அங்கே அதற்கு முந்தைய சாதனை, 1963 டிசம்பர் 31-ல் பதிவான 2.7 அங்குலம்.

லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக 'பிளிஸ்ஸார்ட்' எச்சரிக்கை விடுத்தது. ஹூஸ்டனின் இரண்டு பெரிய விமான நிலையங்களும் மூடப்பட்டன.

இப்படி ஒரு பனிப்புயல் தெற்கு மாகாணங்களை நோக்கி வருகிறது என்றாலே, அங்குள்ள வானிலை ஆர்வலர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஜிஎஃப்எஸ் கட்சி, யூரோ கட்சி என்று பிரிந்து வாதம் தொடங்கிவிடும். ஒரு மாடல் ஒரு அடி பனி என்கும், இன்னொன்று வெறும் மழை என்கும்.

ஒரே வானம், ஒரே புயல். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விரிவாகப் பார்ப்போம்.

தெற்கில் பனி ஏன் அபூர்வம்?

பனி பெய்ய இரண்டு விஷயம் வேண்டும்: குளிரும் ஈரமும். வட அமெரிக்காவில் குளிருக்குப் பஞ்சமில்லை. தெற்கில் மெக்சிகோ வளைகுடா பக்கத்திலேயே இருப்பதால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

பிரச்னை என்னன்னா, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. ஈரத்தைக் கொண்டுவரும் காற்று வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுவரும். குளிர்காற்று வந்து சேர்வதற்குள் மேகம் கிளம்பிப் போயிருக்கும்.

2025-ல் இந்தக் கணக்கு அபூர்வமாகச் சரியாக அமைந்தது. ஆர்க்டிக் குளிர்காற்று முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் வளைகுடாவின் ஈரம் ஏறியது. விளைவு, ஃப்ளோரிடாவில்கூட பனி. அந்த மாகாணத்தின் பழைய சாதனை 1954-ல் மில்டன் ஊரில் பதிவான 4 அங்குலம். 2025-ல் அதே மில்டன் பகுதியில் 9 அங்குலத்துக்கு மேல் பெய்தது.

'மாடல்'னா என்ன?

சுருக்கமாகச் சொன்னால், கணினிக்குள் ஓடும் ஒரு செயற்கை வானம். பலூன், செயற்கைக்கோள், விமானம், கப்பல், தரை நிலையங்கள் தரும் தகவல்களை வைத்து 'இப்போது வானம் எப்படி இருக்கு' என்று முதலில் ஒரு படம் தயாராகும். பிறகு இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு, அடுத்தடுத்த நிமிடங்களில் அது எப்படி மாறும் என்று சூப்பர் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

இதில் இரண்டு பெயர்கள் பிரபலம். ஒன்று, அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ். பூமியைச் சுமார் 13 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒரு நாளைக்கு 4 முறை ஓடும். மற்றொன்று, ஐரோப்பிய நாடுகளின் கூட்டு மையம் நடத்தும் மாடல். ஆர்வலர்கள் செல்லமாக 'யூரோ' என்பார்கள். அதன் கட்டம் சுமார் 9 கி.மீ.

அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு யூரோ முடிவு வெளியாகும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அதைப் பார்க்காமல் படுக்கமாட்டோம் என்று ஒரு கூட்டமே விழித்திருக்கும்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வானிலைப் பதிவுகளில் அடிபடும் பெயர்களும் இதே இரண்டுதான்.

யூரோ எப்பவும் ஜெயிக்குமா?

யூரோவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 2012-ல் சாண்டி புயல் கடலுக்குள் போகாமல் இடதுபக்கம் திரும்பி அமெரிக்கக் கரையைத் தாக்கும் என்பதை ஜிஎஃப்எஸ்ஸுக்கு முன்பே காட்டியது யூரோதான்.

ஆனால் 2015 ஜனவரியில் அதே யூரோ காலை வாரியது. நியூயார்க் நகரில் 2 அடி வரை பனி கொட்டும் என்று எச்சரிக்கப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் பெய்தது 9.8 அங்குலம்தான். அந்த முறை ஜிஎஃப்எஸ் காட்டிய குறைந்த அளவே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

சராசரியில் யூரோ கெட்டி, சந்தேகமில்லை. ஆனால் சராசரியில் ஜெயிக்கிற மாடல் நாளைய புயலிலும் ஜெயிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒரு டிகிரியில் மாறும் கதை

வடக்கில் பொதுவாக 'எவ்வளவு பனி' என்பதுதான் கேள்வி. தெற்கில் 'பனியா, மழையா' என்பதே கேள்வி.

மேகத்திலிருந்து பனியாகவே கிளம்பினாலும், வழியில் ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் 0 டிகிரிக்கு மேலான ஒரு காற்றடுக்கு இருந்தால் உருகிவிடும். கீழே வரும்போது மறுபடி காற்றிலேயே உறைந்தால் அது 'ஸ்லீட்' எனப்படும் பனிக்கட்டித் துகள். தரையைத் தொட்டதும் உறைந்தால் அது உறைமழை.

மூன்றிலும் ஆபத்தானது உறைமழைதான். சாலை, மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றின் மேலும் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிளை முறியும், கம்பி அறும், நாள்கணக்கில் கரண்ட் இருக்காது.

அந்தச் சூடான அடுக்கு ஒரு டிகிரி கூடினாலோ, புயலின் பாதை 50 கி.மீ. நகர்ந்தாலோ போதும். ஒரு ஊரின் பனி இன்னொரு ஊருக்கு மழையாகிவிடும். மாடல்கள் முட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பல்டி ஏன்?

தெற்கில் பனியைக் கொட்டப்போகும் சுழற்சி, ஐந்தாறு நாட்களுக்கு முன்பு பெரும்பாலும் பசிபிக் கடலின் மேல் இருக்கும். அங்கே பலூன் விட நிலையங்கள் குறைவு, செயற்கைக்கோள் தகவலையே அதிகம் நம்ப வேண்டும். தொடக்கப் படத்தில் இருக்கும் சின்னப் பிழை, ஆறாவது நாளில் பெரிய பிழையாக வளரும். எட்வர்ட் லாரன்ஸ் 1963-லேயே விளக்கிய விஷயம் இது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிதான் 'என்செம்பிள்'. தொடக்கத் தகவலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவார்கள். யூரோவில் 51 முறை, ஜிஎஃப்எஸ்ஸில் 31 முறை. 51-ல் 40 பனி என்றால் நம்பிக்கை அதிகம். 10 மட்டுமே பனி என்றால் வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான்.

ஷேர் ஆகும் அந்த ஊதா மேப்

ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டத்தில் வந்த பனி அளவு மேப்தான் அதிகம் பரவும், அதுவும் பத்து நாள் முன்பே. அதில் சிக்கல்கள் பல.

இத்தகைய மேப் பெரும்பாலும் 1 அங்குல நீருக்கு 10 அங்குலப் பனி என்று மொத்தமாகக் கணக்குப் போடும். ஈரமான தெற்குப் பனியில் அது குறையலாம், கடும் குளிரில் கூடலாம். சூடான தரையில் விழுந்ததும் உருகுவது அதில் தெரியாது. சில மேப்கள் ஸ்லீட்டையும் பனிக் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

தனக்குப் பிடித்த முடிவைக் காட்டும் மாடலை மட்டும் தூக்கிப் பிடிப்பதற்கு ஆர்வலர்கள் வைத்திருக்கும் பெயர் 'விஷ்காஸ்டிங்'. நம்ம பாஷையில் ஆசைக் கணிப்பு.

தப்பினால் என்ன ஆகும்?

2000 ஜனவரி: வட கரோலினாவின் ராலேயை விட்டு விலகி, புயல் கடல் பக்கமே போகும் என்று முந்தைய நாள் வரை மாடல்கள் காட்டின. பெய்தது 20.3 அங்குலம், அரை மீட்டருக்கும் மேல்.

2014 ஜனவரி 28: அட்லாண்டாவில் பெய்தது 3 அங்குலத்துக்கும் குறைவு. அதிகப் பனி நகருக்குத் தெற்கே என்ற எதிர்பார்ப்பு இருந்தது. விடியும் முன்பே எச்சரிக்கை உயர்த்தப்பட்டும், பள்ளிகளும் அலுவலகங்களும் வழக்கம்போல் திறந்தன. பனி தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப, சாலைகள் உறைந்து நகரமே நின்றது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளியிலும் பேருந்திலும் இரவைக் கழித்தார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அட்லாண்டாவை முடக்கியது பனியின் அளவு அல்ல. பனி அள்ளும் வண்டிகள் குறைவாக உள்ள ஊரில், முடிவெடுக்கத் தாமதமானதுதான்.

அப்போ எதைப் பார்க்கணும்?

• 7 நாளுக்கு மேல்: 'வாய்ப்பு இருக்கு' என்பது மட்டுமே செய்தி. அங்குலக் கணக்கை மறந்துவிடலாம்.

• 3 முதல் 5 நாள்: ஒற்றை மேப் வேண்டாம். என்செம்பிள் எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்தடுத்த ஓட்டங்களில் அதே முடிவு தொடர்கிறதா என்று பார்க்கலாம்.

• கடைசி 48 மணி நேரம்: 3 கி.மீ. கட்டம் கொண்ட குறுகிய கால மாடல்கள் கைகொடுக்கும். மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படுபவையும் உண்டு.

• எப்போதும்: அரசு வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கை. எல்லா மாடல்களையும், அந்த ஊரின் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தே அதை வெளியிடுகிறார்கள்.

இப்போது ஏஐ மாடல்களும் களத்தில் குதித்துவிட்டன. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் ஏஐ மாடலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால் வாதத்துக்கு இன்னொரு கட்சி கூடியிருக்கிறது.

வாதம் தப்பில்லை, மாடல்களின் பலவீனம் வெளியே தெரிவதே இந்த வாதங்களில்தான். ஆனால் நாளைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, காரை எடுக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு எந்த மாடல் ஜெயித்தது என்பது முக்கியமில்லை. பாதி வாய்ப்பு இருக்கும்போதே தயாராகிவிட்டால், பனி பெய்யாமல் போனாலும் நஷ்டம் ஒரு நாள் விடுமுறை மட்டும்தான்.